கைரோபிராக்டரிடம் முதல் முறை போகும்போது

அமெரிக்காவில் இடுப்புப் பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் நிற்கும்போது குடும்ப மருத்துவரிடம் நேரம் கேட்டால் சில சமயம் இரண்டு வாரம் தள்ளிக் கொடுப்பார்கள். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தித் திருப்பிச் சிகிச்சை தரும் கைரோபிராக்டர் பக்கத்துக் கடை வரிசையிலேயே இருப்பார், அன்று மாலையே வரச் சொல்லிவிடுவார். பரிந்துரைச் சீட்டும் பெரும்பாலும் தேவையில்லை. எச்எம்ஓ வகைக் காப்பீடு (பெரும்பாலும் குடும்ப மருத்துவர் அனுப்பினால்தான் மற்றவரிடம் போக முடியும்) வைத்திருப்பவர்கள் மட்டும் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. இப்படி எளிதாக உள்ளே போய்விட முடிவதால்தான் பலர் எதையும் கேட்காமல் மேசையில் படுத்துவிடுகிறார்கள்.

வாசல் பலகையில் டாக்டர் என்று இருக்கும். ஆனால் அவர் எம்.டி. இல்லை, டி.சி., அதாவது டாக்டர் ஆஃப் கைரோபிராக்டிக். கல்லூரிப் படிப்புக்குப் பிறகு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தனிப் படிப்பு, தேசியத் தேர்வு, மாநில உரிமம் எல்லாம் உண்டு. எக்ஸ்ரே எடுக்கலாம்; அறுவை சிகிச்சை கிடையாது, மருந்து எழுதிக் கொடுப்பதும் ஏறக்குறைய எங்கும் கிடையாது. மாநில கைரோபிராக்டிக் வாரியத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று இலவசமாகப் பார்க்கலாம். ஐந்து நட்சத்திர விமர்சனங்களைப் படிப்பதை விட இது பயனுள்ள வேலை.

இந்த முறை 1895-இல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட்டில் டி.டி.பாமர் என்பவரிடம் தொடங்கியது. முதுகெலும்பு இடம் பிசகி நரம்பைத் தொல்லை செய்வதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்பது அவர் வாதம். அதை இன்றும் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. இடுப்பு, கழுத்து, சில வகைத் தலைவலி என்ற எல்லைக்குள் மட்டும் வேலை செய்பவர்களும் உண்டு. நீங்கள் தேட வேண்டியது இரண்டாம் வகையை. குழந்தையின் காது நோய், ஆஸ்துமா, நோய் எதிர்ப்பு சக்தி என்று பலகையில் எழுதியிருந்தால் அடுத்த கடையைப் பாருங்கள். இடுப்பு வலிக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது: அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கத்தின் 2017 வழிகாட்டி, புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் முயன்று பார்க்கக்கூடியவற்றில் முதுகெலும்புக் கைச்சிகிச்சையையும் சேர்த்திருக்கிறது. ஆதாரத்தின் தரம் குறைவு என்பதையும் அதே வழிகாட்டி சொல்கிறது. வெந்நீர் ஒத்தடமும் மசாஜும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன.

யார் போகவே கூடாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சிறுநீர் கழிக்க முடியவில்லை, அல்லது தெரியாமல் போகிறது. தொடைகளுக்கு நடுவில், சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்திருக்கிறது. இரண்டு காலும் வலுவிழக்கிறது - இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது என்றால் முதலில் மருத்துவர். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அம்மா அப்பாவை மூட்டு வலிக்காக இங்கே அழைத்துப் போகிறவர்கள் கவனிக்க: எலும்புத் தேய்மானம் என்று நம் வீடுகளில் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறோம். அது எலும்பு அடர்த்தி குறையும் ஆஸ்டியோபோரோசிஸா, மூட்டுத் தேய்மானமா என்று தெரியாமல் யாரும் அவர்கள் முதுகை அழுத்த விடாதீர்கள். முதலாவதில் எலும்பு உடையும் ஆபத்து உண்டு. வார்ஃபரின், அபிக்ஸபன், குளோபிடோக்ரல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளையும், நீண்ட நாள் ஸ்டீராய்டையும் படிவத்தில் பெயரோடு எழுதுங்கள். “பிரஷர் மாத்திரை, ஒரு ரத்த மாத்திரை” என்று எழுதினால் எதிரே இருப்பவருக்கு ஒன்றும் புரியாது.

முதல் வருகைக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாம், குப்புறப் படுக்க வேண்டியிருக்கும். ஜீன்ஸ் வேண்டாம், டிராக் பேன்ட், டி-ஷர்ட் போதும். கொண்டையும் உயரக் கட்டிய குதிரைவாலும் தலைமெத்தையில் இடிக்கும், பின்னலைத் தளர்த்திப் பக்கவாட்டில் விடுங்கள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற மனமில்லை என்றால் முதலிலேயே சொல்லிவிடலாம். சங்கிலியைச் சுருட்டி ஒரு பக்கமாக நகர்த்தினால் குப்புறப் படுக்கும்போது நெஞ்சில் அழுத்தாது.

படிவத்தோடு பத்துக் கேள்வித் தாள் ஒன்று தருவார்கள். தூக்கம், உட்கார்வது, நடப்பது, பொருள் தூக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 50, அதை இரண்டால் பெருக்கினால் சதவீதம். இடுப்புக்கான தாளின் பெயர் ஆஸ்வெஸ்ட்ரி, கழுத்துக்கு அதே மாதிரி வேறொன்று. இதை அவசரத்தில் நிரப்பாதீர்கள். சிகிச்சை வேலை செய்கிறதா என்று பின்னால் தெரிந்துகொள்ள உங்களிடம் இருக்கும் ஒரே அளவுகோல் இதுதான். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பரிசோதனை. மல்லாந்து படுக்கவைத்து முழங்காலை மடக்காமல் ஒரு காலைத் தூக்குவார். 30 முதல் 70 டிகிரிக்குள் முழங்காலுக்குக் கீழே மின்சாரம் பாய்ந்தது போல வலித்தால் முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் நரம்பை அழுத்துகிறதோ என்ற சந்தேகம். தொடையின் பின்தசை மட்டும் இழுத்தால் அது வேறு, ஆகவே எங்கே வலிக்கிறது என்று விரலால் காட்டுங்கள். கால் கட்டைவிரலை மேலே தள்ளச் சொல்வார், நுனிக்காலில் நடக்கச் சொல்வார், சுத்தியலால் முழங்காலிலும் குதிகாலுக்கு மேலும் தட்டுவார். இவை எதையும் செய்யாமல் நேராக எக்ஸ்ரே அறைக்கு அழைத்தால் ஏன் என்று கேளுங்கள். ஆபத்து அறிகுறி இல்லாத புது இடுப்பு வலிக்கு முதல் ஆறு வாரம் படம் எடுக்க வேண்டாம் என்பது அமெரிக்க கைரோபிராக்டிக் சங்கமே 2017-இல் சொன்னது. முதுகில் கருவியை உருட்டிக் கணினித் திரையில் சிவப்பும் பச்சையுமாகக் காட்டும் ‘நரம்பு ஸ்கேன்’ பெரும்பாலும் விற்பனைக் கருவி, அவ்வளவுதான்.

இனி அட்ஜஸ்ட்மென்ட், அதாவது மூட்டைக் கையால் தள்ளும் சிகிச்சை. இடுப்புக்கு உங்களை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் காலை மடக்கிக் கீழ் முழங்காலின் பின்புறம் பாதத்தைக் கொக்கி போட வைப்பார். கைகளை மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும். தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறு பக்கமுமாகத் திருப்பி, இனி நகராது என்ற இடம் வரை மெதுவாகக் கொண்டுபோவார். மூச்சை இழுத்து விடச் சொல்லி, விட்டு முடிக்கும் நொடியில் வேகமாக, ஆனால் மிகக் குறைந்த தூரத்துக்கு ஒரு தள்ளு. நம்மவர்கள் தவறு செய்வது இங்கேதான்: பயத்தில் மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கிக்கொள்கிறார்கள். தசை இறுகினால் அவர் இன்னும் பலமாகத் தள்ள வேண்டியிருக்கும், மறுநாள் வலியும் கூடும். திருப்பி நிறுத்தும் அந்த நிலையிலேயே கால் வழியாக வலி பாய்ந்தால் உடனே “ஸ்டாப்” சொல்லுங்கள். அது பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி அல்ல.

‘டக்’ என்று கேட்பது எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் இல்லை. மூட்டுத் திரவத்தில் அழுத்தம் குறையும்போது வாயுக் குமிழி உருவாகும் சத்தம். விரலில் நெட்டி முறித்தால் கேட்பதும் இதுதான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் எம்ஆர்ஐ படமாகவே எடுத்து 2015-இல் வெளியிட்டார்கள். சத்தம் வரவில்லை என்றால் சரியாகவில்லை என்று பொருள் இல்லை. முறுக்குவது பிடிக்காதவர்களுக்கு வேறு வழியும் உண்டு: மேசையின் ஒரு பகுதி அரை அங்குலம் அளவுக்கு விழும் டிராப் டேபிள், ஸ்பிரிங் வைத்த ஆக்டிவேட்டர் கருவி, மேசையையே மெல்ல மடக்கி இடுப்பை நீட்டும் முறை. கேட்டால் செய்வார்கள்.

கழுத்து விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது மிக அரிது. கழுத்தைத் திருப்பியதால் கிழிந்ததா, ஏற்கெனவே கிழிந்த வலிக்காகத்தான் அவர் வந்தாரா என்ற விவாதம் தீரவில்லை. எப்படியானாலும், இதுவரை இல்லாத மாதிரித் திடீர்க் கழுத்து வலியோ தலைவலியோ, கூடவே தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குழறல், விழுங்கச் சிரமம், முகத்தில் மரமரப்பு, நடையில் தள்ளாட்டம் இருந்தால் கழுத்தைத் தொட விடாதீர்கள், 911-ஐ அழையுங்கள். சிகிச்சைக்குப் பிறகு வந்தாலும் அதேதான். கழுத்தைத் திருப்ப வேண்டாம், மெல்ல அசைத்தும் பயிற்சி கொடுத்தும் பாருங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஊர் சலூனில் முடிவெட்டி முடித்ததும் கழுத்தைச் சொடுக்கெடுப்பார்களே, அதற்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அங்கே முன்பரிசோதனையும் கிடையாது.

ஏறக்குறைய பாதிப் பேருக்கு அன்றோ மறுநாளோ உடம்பு வலி, அசதி, லேசான தலைவலி இருக்கும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளில் போய்விடும். காலில் புதிதாக மரமரப்போ வலுக்குறைவோ வந்தால் கணக்கு வேறு, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வருகையில்தான் பல கிளினிக்குகளில் ‘ரிப்போர்ட்’ என்று உட்கார வைப்பார்கள். முப்பது, நாற்பது வருகை, ஆறு மாதம், இன்றே மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி. கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள். நியாயமான திட்டம் இரண்டு முதல் நான்கு வாரம், ஆறு முதல் பன்னிரண்டு வருகைக்குள் இருக்கும். முடிவில் அதே பத்துக் கேள்வித் தாளை மறுபடி நிரப்பச் சொல்வார்கள். 40 சதவீதம் இருந்தது 30-க்காவது இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அதே சிகிச்சையை நீட்டாமல் வேறு வழி பார்க்க வேண்டும். வீட்டில் செய்யப் பயிற்சி எதுவும் சொல்லித் தராதவரிடம் தொடர வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

பில் வந்ததும் காப்பீட்டு விளக்கத் தாளில் சிகிச்சைக்கான குறியீட்டு எண்ணைப் பாருங்கள். 98940 என்றால் முதுகெலும்பின் ஐந்து பகுதிகளில் ஒன்றோ இரண்டோ, 98941 மூன்று அல்லது நான்கு, 98942 ஐந்தும். இடுப்பை மட்டும் தொட்டுவிட்டு 98942 போட்டிருந்தால் கேட்க வேண்டியதுதான். காப்பீடு இல்லாமல் கையிலிருந்து கட்டுபவர்கள் முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம், 2022 முதல் அது சட்டம். பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் முறையிடலாம். எச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ என்ற, மருத்துவச் செலவுக்காக வரியில்லாமல் சேர்க்கும் கணக்குப் பணத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

மெடிகேர் (முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடு) உள்ள பெற்றோருக்கு முதுகெலும்பு அட்ஜஸ்ட்மென்டுக்கு மட்டும்தான் காப்பீடு. டிடக்டிபிள் (காப்பீடு தரத் தொடங்கும் முன் நீங்களே கட்டும் தொகை) போக 20 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும். கைரோபிராக்டர் எடுக்கும் எக்ஸ்ரே, மசாஜ் எல்லாம் சொந்தச் செலவு. வலி குறைந்த பிறகும் ‘பராமரிப்பு’ என்று தொடர்ந்தால் மெடிகேர் தராது. அப்போது மெடிகேர் பணம் தராமல் போகலாம் என்று முன்கூட்டியே அறிவிக்கும் ஏபிஎன் என்ற தாளில் கையெழுத்து கேட்பார்கள். அதில் மூன்று கட்டங்கள் இருக்கும். முதல் கட்டத்தைக் குறித்தால் மெடிகேருக்கு பில் போகும், மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். இரண்டாவதில் பில் போகாது, மேல்முறையீடும் இல்லை. மூன்றாவது, சிகிச்சையே வேண்டாம் என்பது. வரவேற்பு மேசையில் இரண்டாவதை முன்பே குறித்து நீட்டினால் புதுத் தாள் கேளுங்கள். எதைக் குறிப்பது என்பது நோயாளியின் முடிவு.