குருகும் உண்டு

ஜூலை 7

பத்து நாட்கள் பேசக் கூடாதாம். கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல் என்றார் டாக்டர். மூக்கு வழியாகக் குழாயை விட்டு, திரையில் எதையோ சுட்டிக் காட்டினார். புரிந்ததுபோலத் தலையாட்டினேன். என் மாணவர்கள் தலையாட்டுவது எப்படி என்று இன்று தெரிந்தது.

ஜூலை 8

விடுப்பு எடுக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் தொண்டையையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

பதினொன்றாம் வகுப்பின் நயம் பாராட்டல் தாள்கள், 41. முப்பதுக்கு மேல் 'காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை' என்று தொடங்குகின்றன. யானை வந்த தாள்கள் பலவற்றில் மோனைச் சொல் ஒன்றுகூட வரவில்லை. 'இப்பாடல் கவிஞரின் கற்பனை வளத்தைக் காட்டுகிறது' என்பது எல்லாத் தாளிலும் இருக்கிறது. பாட்டையே மாற்றி வைத்தாலும் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டியிருக்காது.

சிவப்புப் பேனாவை மூடிவிட்டேன். அது யார் எழுதிப்போட்ட வாக்கியம் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 9

தண்ணீர், தண்ணீர், தண்ணீர்.

ஜூலை 10

குறுந்தொகை 25. கபிலர். ஐந்தே அடி. யாரும் இல்லாத இடத்தில் தன்னைக் கூடியவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் ஒருத்தி; ஓடும் நீரில் ஆரலைப் பார்க்கும் குருகும் அன்று இருந்தது என்கிறாள். கரும்பலகையில் பாட்டை மட்டும் எழுதினேன், உரை இல்லை. மூன்று சொற்களுக்குப் பொருள்: ஆரல் ஒரு மீன், குருகு நீர்ப்பறவை, ஞான்று என்றால் பொழுது. கீழே ஒரு கேள்வி: அங்கே யார் யார் இருந்தார்கள்?

நான் எப்போதும் மூன்று வினாடிகூடப் பொறுப்பதில்லை. பதில் வராவிட்டால் நானே சொல்லிவிடுவேன், எழுதிக்கொள்வார்கள். இன்று சொல்ல வழியில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். கடைசியில் ஒருத்தி, "இரண்டு பேர்" என்றாள்.

"முதல் சொல்லே யாரும் இல்லை என்கிறதே."

"அப்படியானால் குருகு?"

"அது கணக்கில் வருமா?"

"வரும் என்பதால்தானே குருகும் என்கிறாள்!"

முதல் அடியில் ஓர் 'உம்' எல்லோரையும் வெளியே தள்ளுகிறது. கடைசி அடியில் இன்னோர் 'உம்' ஒரு பறவையை மட்டும் உள்ளே விடுகிறது. முற்றும்மை, எச்சவும்மை என்று 20 ஆண்டுகளாக நடத்துகிறேன். ஒருநாளும் இப்படிச் சண்டை போட்டதில்லை. மணி அடித்துவிட்டது.

ஜூலை 11

ஏழாம் வகுப்பு. ஒரு பையன் தடங்கல் இல்லாமல், ழகரம் பிசகாமல் வாசித்தான். என்ன படித்தாய் என்று எழுதிக் காட்டினேன். திருதிருவென்று விழித்தான். பக்கத்தில் இருப்பவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், ஒரு பத்திக்கு ஐந்து நிமிடம் ஆகும். கதையில் நாய் ஏன் திரும்பி வந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இருவருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்துவந்திருக்கிறேன்.

ஜூலை 12

இருமினேன். ஒரு சொல் வெளியே வந்துவிட்டது. அது என் குரல் இல்லை.

ஜூலை 14

நயத்தை மறுபடி எழுதச் சொன்னேன். பாட்டிலுள்ள ஒரு சொல்லைச் சுட்டாமல் எந்தக் கருத்தும் கூடாது. கற்பனை வளம் கூடவே கூடாது. ஒரே புலம்பல். "பரீட்சையில் மார்க் போய்விடும் ஐயா." நியாயம்தான். தாள் திருத்துபவர் எதுகை, மோனை, அணி என்று தலைப்புகளைத்தான் தேடுவார். நானும் அந்த வேலைக்குப் போனால் அதைத்தான் செய்கிறேன். தலைப்புகள் இருக்கட்டும், உள்ளே சொந்தச் சரக்கை வையுங்கள் என்று எழுதிப்போட்டேன். கை வலி வேறு.

ஜூலை 15

ஜன்னலோரத்துப் பையன். அரைப் பக்கம் தாண்டாதவன். இன்று நான்கே வரி: "குருகு ஆரலைப் பார்க்கிறது. அவர்களைப் பார்க்கவில்லை. இந்தச் சாட்சியைக் கூப்பிட்டும் பயன் இல்லை. அது அவளுக்கும் தெரியும்."

இரண்டு இடத்தில் ஒற்றெழுத்தை விட்டிருந்தான், இங்கே போட்டுக்கொண்டேன். தாளில் சுழிக்கக் கை வரவில்லை. நாளைக்குச் சுழிப்பேன், பென்சிலில்.

'அவளுக்கும் தெரியும் என்பதை எந்தச் சொல்லில் கண்டாய்?' என்று ஓரத்தில் எழுதினேன். கேட்டுவிட்டு நானே தேடிக்கொண்டிருக்கிறேன். 'யான் எவன் செய்கோ'வா, நான் என்ன செய்வேன் என்பதிலா?

ஜூலை 16

நாளை மறுபடி அந்தக் குழாய்.

தினைத்தாள் (தினையின் தண்டு) போன்ற சிறிய பசுங்கால். பறவையின் கால் நிறம்வரை நினைவு வைத்திருக்கிறாள். அவன் முகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரவு ஒரு மணிக்கு இதை யாரிடம் சொல்வது? சொல்லவும் கூடாது.

ஜூலை 17

பையன் பதில் எழுதித் தந்திருக்கிறான், ஒன்றரைப் பக்கம். டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்து முதல் வரியைப் படிக்கும்போது என் பெயரைக் கூப்பிட்டார்கள்.