கை காட்டியவர்

வட கனடாவில், ஈகிள் பிளெயின்ஸ் என்ற இடத்தில் லொறிக்கு டீசல் அடித்துவிட்டுப் புறப்பட்டபோது மழை தூறிக்கொண்டிருந்தது. என்னோடு லொறியில் வருகிற அண்ணை பின்படுக்கையில் தூங்கப் போய்விட்டார். ஆர்க்டிக் வட்டப் பலகையைத் தாண்டி அரை மணி நேரம் இருக்கும். சாம்பல் நிறக் கார் ஒன்று ஓரமாக நின்றது, பக்கத்தில் ஒருவர். அவர் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். கடந்து போய்விட்டேன்.

நடந்தது இவ்வளவுதான்.

டெம்ப்ஸ்டர் சாலையில் முன்பின் தெரியாதவருக்கும் கை காட்டுவார்கள். ஏறத்தாழ 740 கிலோமீட்டர், பெரும்பாலும் சரளை, பெரும்பகுதியில் போன் வேலை செய்யாது. எதிரே வருகிற முகம்தான் துணை. அதனால் எனக்கு அது சாதாரணமாகத்தான் பட்டது. அண்ணை எழும்பி வந்து பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றியபோது, பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "கை காட்டினவரோ, மறிச்சவரோ?"

"கை காட்டினவர்தான் அண்ணை."

"வடிவாப் பாத்தனியே?"

"ஓம்."

அந்த 'ஓம்'தான் இன்னும் உறுத்துகிறது. நான் வடிவாகப் பார்க்கவில்லை. உள்ளங்கை தெரிந்ததா, கை ஒருமுறை உயர்ந்ததா, ஆடியதா, எதுவும் நினைவில் இல்லை. கை காட்டுவது என்ற ஒரே சொல்லில் வணக்கமும் இருக்கிறது, 'நில்' என்பதும் இருக்கிறது. ஊரில் பஸ்ஸுக்குக் கை காட்டித்தானே ஏறினோம்.

நிறுத்தாததற்குக் காரணங்கள் இருந்தன, இல்லையென்று சொல்லமாட்டேன். அந்தச் சாலைக்கு அடியில் உறைநிலம். அது உருகாமலிருக்க, ஒரு மீட்டருக்கும் மேலே சரளை கொட்டி அணை மாதிரி உயர்த்தியிருக்கிறார்கள். லொறி ஒதுங்க ஓரம் கிடையாது, ட்ரெய்லரைத் திருப்ப இடமும் இல்லை. முன்னால் ஏற்றம், நனைந்த சேறு. பாரத்தோடு நிறுத்தினால் மறுபடி இழுப்பது பெரும்பாடு. பெட்டியில் வடக்கே இனுவிக் ஊருக்கான பாலும் மரக்கறியும். பீல் ஆற்றில் வண்டிகளை ஏற்றிக் கடத்துகிற கடைசி ஃபெரியைப் பிடிக்க வேண்டும். போதாததற்கு ஆகஸ்ட் கடைசி. தரையெல்லாம் சிவந்து கிடக்கும், படம் எடுப்பதற்கென்றே வழிநெடுகக் கார்கள் நிற்கும்.

எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நாலைந்து நொடியில் இவற்றில் எது என் மனதில் இருந்தது? ஃபெரி மட்டும்தான் என்று நினைக்கிறேன். மிச்சத்தை அண்ணை கேட்ட பிறகு நானே தேடி எடுத்தேன்.

ஃபெரி ஆட்களிடம் அண்ணைதான் போய்ச் சொன்னார், மேட்டுக்கு முன்னால் ஒரு கார் நிற்கிறது என்று. நான் நிறுத்தாமல் வந்ததைச் சொல்லவில்லை. அதற்கு நன்றி சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

ஆற்றைக் கடந்தால் ஃபோர்ட் மக்ஃபர்சன் என்ற ஊர். அங்கே நாலு பொலிஸ்காரர்களின் கல்லறை இருக்கிறது. 1910 டிசம்பரில் அங்கிருந்து நாய் வண்டிகளில் டோசன் நகருக்குப் புறப்பட்டவர்கள். சில நாள் வழிகாட்டிய, அந்த மண்ணின் பழங்குடியான க்விச்சின் மனிதரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் மலையைக் கடக்கும் ஓடையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நால்வரும் இறந்தார்கள். 1911இல் டோசனிலிருந்து தேடிப் போய் அவர்களைக் கண்டவர் கோப்ரல் டெம்ப்ஸ்டர். சாலைக்கு அவர் பெயர்தான். வழி தவறி இறந்தவர்களின் பெயரை வைக்கவில்லை, தேடிப் போனவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அன்று இரவு இது எனக்குப் பெரிதாகத் தோன்றியது. கோடையில், பெட்ரோல் உள்ள காரோடு நின்ற ஒருவரை அவர்களோடு சேர்த்து நினைப்பது அதிகமோ என்றும் தோன்றியது.

இப்போது நிற்கிற எந்த வண்டியைக் கண்டாலும் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கிக் கேட்கிறேன். அப்படி ஒருமுறை ஃபெரியைத் தவறவிட்டேன். அந்த மனிதருக்கு ஒன்றுமில்லை, கரடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அதுவும் நல்லதாகப் படவில்லை.

அந்தப் பயணத்தில் மூன்றாம் நாள் திரும்பி வரும்போது, சாம்பல் நிறக் கார் நின்ற இடத்தில் மெதுவாக உருட்டினேன். கார் இல்லை. சில்லுக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி இரண்டு கற்கள் கிடந்தன. டயர் மாற்ற வைத்ததாக இருக்கலாம், இரவு காரிலேயே தூங்குவதற்காக வைத்ததாகவும் இருக்கலாம். அண்ணையும் பார்த்தார். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.