புது மனு வேண்டாம், மேல்முறையீடு செய்யுங்கள்

மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகை முன்னறிவிப்பின்றி நின்றுவிட்டால், விசாரிக்கப் போகிறவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "புதுசா ஒரு மனு குடுத்துருங்க" என்பதுதான். கனிவோடுதான் சொல்கிறார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில், மன்னார் வளைகுடாவை ஒட்டிய எங்கள் ஊரில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு மாதம் 1500 ரூபாய் வருவது நின்றபோது எங்களுக்கும் அதையேதான் சொன்னார்கள். நாங்கள் புது மனு கொடுக்கவில்லை; நிறுத்திய முடிவை எதிர்த்து முறையிட்டோம். அதுவே சரியான வழி என்று இன்றும் நினைக்கிறேன்.

புது மனு கொடுப்பவர், பழைய உதவித்தொகை முறைப்படிதான் முடிந்தது என்பதைத் தம் கையெழுத்தாலேயே ஒப்புக்கொண்டவர் ஆகிறார். இடையில் விட்டுப்போன மாதங்களின் தொகையைக் கேட்க அதன்பின் அவரிடம் வலுவான காரணம் எதுவும் மிஞ்சுவதில்லை. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியர் என்று மனு மறுபடியும் முதலிலிருந்து நகரவேண்டும். ஆணை கிடைத்தாலும் கிடைத்த மாதத்திலிருந்துதான் பணம். இவற்றை விடவும் எனக்கு உறுத்தலாக இருந்தது, பழைய கோப்பில் எழுதப்பட்ட தவறான குறிப்பு யாராலும் திருத்தப்படாமல் அப்படியே இருக்கும் என்பதுதான். அடுத்த ஆய்வுக்கு வருகிறவர் அதைத்தான் முதலில் படிப்பார்.

மாமா சங்கு குளித்தவர். படகிலிருக்கும் கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு கடலடியில் நெடுநேரம் சங்கு தேடுகிறவர்களுக்கு நேரும் விபத்து எங்கள் கரையோரத்தில் பலருக்கும் தெரிந்ததே. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேர்கிறது. படிப்படியாக மேலே வந்தால் அது மூச்சுவழியே வெளியேறிவிடும். சட்டென்று மேலே வந்தால் உடலுக்குள்ளேயே குமிழிகளாகிவிடும். மாமாவுக்கு அந்தக் குமிழிகள் தண்டுவடத்தைத் தாக்கின. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, சிறுநீரும் கட்டுப்பாட்டில் இல்லை. அவருடைய சான்றிதழில் 80 விழுக்காடு, நிரந்தரம் என்று எழுதியிருக்கிறது. ஆகவே அவர் ஊனமுற்றவர்தானா என்ற கேள்வி எங்கள் விவகாரத்தில் எழவே இல்லை.

மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் 2009-இல் தொடங்கியது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள, 80 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ளவர்களுக்கு அதில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். மீதியை மாநிலம் சேர்க்கிறது. மாநில அரசின் தனித் திட்டத்துக்கு 40 விழுக்காடே போதும். வருவாய்த் துறை வழியாக வரும் இந்தத் தொகை 2023 ஜனவரியில் 1000 ரூபாயிலிருந்து 1500 ரூபாயாக உயர்ந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 24ஆம் பிரிவு, மற்றவர்களுக்கான அதேபோன்ற திட்டத்தில் தருவதைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக மாற்றுத்திறனாளிகளுக்குத் தரவேண்டும் என்கிறது. 2023-இல் முதியோர் ஓய்வூதியம் 1200 ரூபாயானது. அதோடு 25 விழுக்காட்டைச் சேர்த்துப் பார்த்தால் சரியாக 1500 வருகிறது. தாராளம் என்று சொல்லப்பட்ட தொகை, சட்டம் விதித்த கீழ்வரம்பின் மேல் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக இல்லாமல் நிற்பதை மனு எழுத உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன்.

பணம் வரவில்லை என்றவுடன் அலுவலகத்தோடு சண்டைக்குப் போய்விடக் கூடாது. வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு அறுந்திருக்கலாம், கணக்கு இயக்கமின்றிக் கிடந்து முடக்கப்பட்டிருக்கலாம், வாடிக்கையாளர் விவரத்தைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம். அப்படியானால் யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை, வங்கியிலேயே சரிசெய்துவிடலாம். மாமாவின் கணக்கில் எந்தக் குறையும் இல்லை என்று வங்கியில் உறுதியாகச் சொன்ன பிறகுதான், பயனாளிகள் பட்டியலிலிருந்தே பெயர் எடுக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கியது. கடிதம் வரவில்லை, கைப்பேசியில் குறுஞ்செய்தியும் வரவில்லை.

திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுப்பதைத்தான் எல்லோரும் முதலில் செய்வார்கள், நாங்களும் செய்தோம். வாசலில் மனு எழுதித் தருகிறவர், கருணை உள்ளம் கொண்ட ஐயா அவர்களின் பொற்பாதங்களுக்கு என்று தொடங்கினார். நான் பாதங்களை மட்டும் அடித்துவிட்டுக் கொடுத்தேன். அந்த மனு ஆட்சியரகத்தில் எண் பெற்று, கோட்டத்துக்குப் போய், அங்கிருந்து வட்டத்துக்கு இறங்கி, எந்த மேசையில் பெயர் நீக்கப்பட்டதோ அதே மேசைக்கு வந்து சேர்ந்தது. மனுதாரர் புதிதாக விண்ணப்பிக்க அறிவுறுத்தப்பட்டார் என்று எழுதி, தீர்வு காணப்பட்டது என்று முடித்தார்கள். இந்தக் கூட்டத்தை நான் குறைசொல்லவில்லை; பட்டா, குடிநீர், சாலை போன்றவற்றுக்கு அது பயன்படுகிறது. ஆனால் ஒரு முடிவைத் தவறென்று சொல்லவேண்டிய இடத்தில் கோரிக்கை மனு போதாது. கோரிக்கைக்குப் பதில் சொன்னாலே கடமை முடிந்துவிடும்; மேல்முறையீட்டின் மேல் காரணத்தோடு ஆணை பிறப்பித்தாக வேண்டும்.

மேல்முறையீடு செய்வதற்கு முதலில் எதிர்க்கத்தக்க ஒரு முடிவு எழுத்தில் கையில் இருக்கவேண்டும். ஆகவே மாமாவின் பெயரில், அவருடைய கைநாட்டோடு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு அனுப்பினோம். அதில் 'ஏன் நிறுத்தினீர்கள்' என்று கேட்கவில்லை. ஏன் என்ற கேள்விக்கு விளக்கம் தரத் தேவையில்லை என்று சொல்லித் தட்டிக்கழிக்க இடமுண்டு. ஆவணத்தைக் கேட்டால் ஒன்று கொடுக்கவேண்டும், அல்லது இல்லை என்று எழுதித் தரவேண்டும். நிறுத்த ஆணையின் நகல், கள ஆய்வு அறிக்கையின் நகல், கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல், பயனாளிக்கு அறிவிப்பு அனுப்பியிருந்தால் அதன் நகலும் அவர் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையும் என்று கேட்டோம். அதே சட்டத்தின் 4(1)(ஈ) பிரிவு, நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தைத் தெரிவிப்பது பொது அதிகார அமைப்பின் கடமை என்கிறது. அதையும் கடைசி வரியாகச் சேர்த்தோம். பதில் தர 30 நாள் கெடு உண்டு. வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அந்தச் சட்டத்தின்கீழேயே முதல் மேல்முறையீடு.

வந்த பதிலில் கள ஆய்வு அறிக்கை ஒரே வரிதான். நேரில் சென்றபோது வீடு பூட்டியிருந்தது, குடும்பத்துடன் வெளியூர் சென்றுவிட்டார், நிறுத்தலாம். அறிவிப்பு அனுப்பிய விவரம் கோப்பில் இல்லை என்றும் எழுதித் தந்தார்கள். அறிக்கையிலிருந்த தேதியில் மாமா படுக்கைப்புண்ணுக்காக மதுரையில் உள்நோயாளியாக இருந்தார். துணைக்கு அத்தையும் போயிருந்ததால் வீடு பூட்டித்தான் கிடந்தது. நகலைப் படித்துக் காட்டியபோது மாமா சிரித்தார். "நான் ஊரை விட்டுப் போயிட்டேனாம்ல மாப்ள. கட்டிலை விட்டு எறங்குறதுக்கே உன்னயத்தான் கூப்புட வேண்டியிருக்கு" என்றார்.

பூட்டிய வீட்டைக் கண்டு குடிபெயர்ந்துவிட்டார் என்று முடிவுகட்டுவது எந்த ஊரிலும் தவறு. இந்தக் கரையில் அது இன்னும் பெரிய தவறு. காற்று மாறும்போது பாக் நீரிணைக் கரைக்கும் மன்னார் வளைகுடாக் கரைக்குமாகக் குடும்பத்தோடு இடம்மாறித் தொழில் செய்து, பருவம் முடிந்து திரும்புகிற மீனவர்கள் இங்கே உண்டு. அவர்கள் வீட்டிலுள்ள ஊனமுற்ற பிள்ளையோ முதியவரோ கூடவேதான் போயாகவேண்டும். தனியே விட்டுவிட்டுப் போக முடியாது. ஏர்வாடி தர்காவுக்கு மனநோயாளிகளோடு வந்து மாதக்கணக்கில் தங்கிவிடுகிற குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே ஒரு காப்பகத்தில் நேர்ந்த தீவிபத்தில், சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் இறந்தபோது நாடே அந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது. அப்படி வந்து தங்குகிறவர்களின் சொந்த ஊர் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கினால், அங்கேயும் ஓர் ஆய்வாளர் இதே வரியைத்தான் எழுதுவார். உண்மையிலேயே குடிபெயர்ந்தவர்களும் இறந்துபோனவர்களும் பட்டியலில் தொடர்வதைத் தடுக்க ஆய்வு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. மறுமுறை வருவதும், பக்கத்து வீட்டில் கேட்பதும், கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டிப் பதினைந்து நாள் காத்திருப்பதும் அந்த ஆய்வின் பகுதியாக இருக்கவேண்டும் என்றே சொல்கிறேன்.

ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுப்பதற்கு முன் அவர் தரப்பைக் கேட்கவேண்டும் என்பதை, கடவுச்சீட்டு தொடர்பான மேனகா காந்தி வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. வருவாய்க் கோட்டாட்சியருக்கு எழுதிய மேல்முறையீட்டு மனு ஒரே பக்கம். ஆய்வு நாளில் அவர் மருத்துவமனையில் இருந்தார் என்பதற்கு வெளியேற்றச் சுருக்கம். இன்றும் அதே முகவரியில்தான் வசிக்கிறார் என்பதற்குக் குடும்ப அட்டையும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும். அறிவிப்பு தரப்படவில்லை என்பதற்கு அலுவலகமே எழுதித் தந்த பதில். வறுமையைப் பற்றியோ, அத்தையின் நோயைப் பற்றியோ, மகளின் படிப்பைப் பற்றியோ ஒரு வரியும் சேர்க்கவில்லை. உறவினர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. மனசு இளகும்படி எழுதவேண்டாமா என்றார்கள். அலுவலகம் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று. அதற்கு மட்டும் பதில் சொன்னால், வேறெதையும் பேசி அந்தப் பதிலைக் கடந்துபோக முடியாது என்பது என் எண்ணம். கேட்டவை இரண்டு: நிறுத்த ஆணையை ரத்து செய்யவேண்டும், நிறுத்திய மாதத்திலிருந்தே நிலுவையைத் தரவேண்டும்.

இதற்கிடையே நல்லெண்ணத்தோடு ஒருவர், மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாறிவிடச் சொன்னார். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அது உண்டு. 2022 ஜனவரி முதல் மாதம் 2000 ரூபாய். இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது. தொகை கூடுதல்தான், ஆனால் அதற்கு வரிசை இருக்கிறது, அதற்கும் மேலாக நிலுவைக் கணக்கு அத்தோடு மூடப்பட்டுவிடும். முதலில் இது முடியட்டும் என்று விட்டுவிட்டோம்.

விசாரணை மாடியில் என்று கடிதம் வந்தது. இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கவையாக்க வேண்டும் என்கிற, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 45ஆம் பிரிவின் கெடு 2022-இலேயே முடிந்துவிட்டது என்பதைப் பணிவாகக் குறிப்பிட்டு, கீழ்த்தளத்தில் விசாரிக்கும்படி எழுதிக் கொடுத்தோம். கோட்டாட்சியர் கீழே இறங்கி வந்து, ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்த மாமாவிடம் கேட்கவேண்டியதைக் கேட்டுக்கொண்டார். இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

எங்கள் காரணம் பூட்டிய வீடு. உங்களுடையது வேறாக இருந்தால் தட்டவேண்டிய கதவும் வேறு. மறுபரிசோதனையில் விழுக்காட்டைக் குறைத்துவிட்டார்கள் என்றால் வருவாய்த் துறையிடம் வாதாடிப் பயனில்லை. சான்றளிக்கும் அதிகாரியின் முடிவை எதிர்த்து 2016 சட்டத்தின் 59ஆம் பிரிவின்கீழ் முறையிட வேண்டும். உப்பளத்திலும் வலையிலும் தேய்ந்த விரல்கள் இந்தப் பக்கத்தில் அதிகம். ரேகை பதியவில்லை என்பதே காரணமானால், அங்கீகாரம் தோற்றதற்காக உரியவருக்குப் பலன் மறுக்கப்படக் கூடாது என்று 2018 ஆதார் தீர்ப்பில் பதிவாகியிருப்பதைக் காட்டி, கருவிழிப் பதிவையோ வேறு அடையாளத்தையோ கேட்கலாம். மாற்றுத்திறனாளி என்பதாலேயே பாகுபாடு காட்டப்பட்டதாக முறையீடு இருந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். சாட்சியை அழைக்கவும் ஆவணத்தை வரவழைக்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு.

கோட்டாட்சியர் நிறுத்த ஆணையை ரத்து செய்தார். மாமாவின் கணக்கில் பணம் மீண்டும் வருகிறது. ஆனால் ஆணையின் கடைசி வரியில் இனிவரும் மாதம் முதல் வழங்கலாம் என்று இருக்கிறது. நிறுத்தியது தவறென்றால் நிறுத்திய மாதங்களும் அந்தத் தவறின் பகுதிதானே என்று கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு மனு போயிருக்கிறது. அங்கே மறுத்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிப்பேராணை மனுதான். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தருவார்கள். அதற்கான படிவத்தையும் மாமா கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டார்.