ட்ரோன் பறக்கும் முன்னே வேன் வாடகை பறந்தது

காலேஜ் ஆய்வுக்கு ட்ரோன் விட லைசென்ஸே வேண்டாம் என்பது பாதி உண்மை. 2021 ட்ரோன் விதிகளில் 42-ஆம் விதி, அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களுக்கு ஆய்வு, சோதனைக்காக மட்டும் வகைச் சான்று (ட்ரோன் மாடலுக்கான ஒப்புதல்), பதிவெண், பைலட் சான்றிலிருந்து விலக்கு தருகிறது. ஆனால் பறப்பது, முன் அனுமதி கேட்க வேண்டாத பச்சை மண்டலத்தில் இருக்கணும். இடம் சொந்த வளாகம், இல்லையென்றால் நம் கட்டுப்பாட்டிலுள்ள திறந்தவெளி.

எங்கள் வளாகம் கோவை விமான நிலையத்துக்குப் பக்கம், அது அனுமதி கேட்க வேண்டிய மஞ்சள் மண்டலம். வெளியே ஒரு தோட்டம் பிடித்தோம். கூகுள் மேப்பில் டெர்மினலிலிருந்து 9 கி.மீ.; பச்சை தொடங்கும் எல்லை 8 தானே என்று வேன் எடுத்துப் போய், ப்ரொப்பெல்லர் வரை மாட்டிய பிறகுதான் மண்டலங்களைக் காட்டும் அரசுத் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தைத் திறந்தோம். அதுவும் மஞ்சள்! அந்த 8 கி.மீ. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து அளப்பது. ஓடுபாதையே ஏறக்குறைய 3 கி.மீ. நீளம். கழற்றிப் பெட்டியில் போட்டுத் திரும்பினோம். (8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்குக் கீழேதான் பச்சை. 12 கி.மீ. தாண்டினால் 400 அடி வரை.)

அடுத்தது பொள்ளாச்சிப் பக்கம். ‘கட்டுப்பாட்டிலுள்ள’ என்ற சொல்லுக்காகத் தோட்டக்காரரிடம் சர்வே எண், தேதிகளோடு சம்மதக் கடிதம் வாங்கினோம். காலேஜ் ஆபீசிலோ, “ட்ரோன் லைசென்ஸ் ஜெராக்ஸ் எங்கங்க சார்?” மூன்று நாள் வாயால் விளக்கியது எடுபடவில்லை. அரசிதழில் 42-ஆம் விதி உள்ள பக்கத்தை அச்செடுத்து, வரியில் மார்க்கர் போட்டு நீட்டினதும் அரை மணியில் சீல் விழுந்தது. இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

தோட்டத்தில் மோட்டார் ரூம் கான்கிரீட் மேடை சமமாக இருக்கிறதே என்று அதில் வைத்தோம். ‘செக் மேக் ஃபீல்ட்’ (காந்தப்புலத்தைப் பார்) என்று சொல்லி, ட்ரோனை இயக்கும் மென்பொருளான ஆர்டுபைலட் ஆர்ம் ஆக, அதாவது மோட்டாரைச் சுழலவிட, மறுத்தது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ட்ரோனின் காம்பஸைக் குழப்புகிறது. அங்கேயே காம்பஸைக் காலிபரேட் (அளவுத்திருத்தம்) செய்தால் பிழை மறையலாம், ஆனால் மேலே போனதும் ட்ரோன் வட்டமடிக்கலாம். மண் தரைக்கு நகர்த்தினோம், சரியாகிவிட்டது.

கிளம்பும் முன் ஆர்டிஎல் (ரிட்டர்ன் டு லாஞ்ச், கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்புவது) உயரத்தைப் பாருங்கள். சிக்னல் அறுந்தால், அதைவிடத் தாழ்வாகப் பறக்கும் ட்ரோன் அந்த உயரத்துக்கு ஏறித்தான் திரும்பும். மாற்றாமல் விட்டால் 15 மீட்டர். பொள்ளாச்சி நெட்டைத் தென்னைக்கு அது தோளளவு. 30 வைத்தோம். ரிமோட்டை அணைத்துச் சோதித்ததில் மட்டை உரசாமல் வந்து இறங்கியது.