மூக்கு ஆடிக்கொண்டிருந்தது

"நான் எழுதினா பக்கம் முழுக்க சிவப்பு மையா இருக்கும் மேம். இதுல நீங்க திருத்த ஒண்ணுமே இல்லையே?"

என் பிஎச்டி மாணவி இதைக் கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தீசிஸின் விவாதப் பகுதியை சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்திருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. அந்தப் பகுதியை எடுத்துவிட்டுச் சொந்தமாக எழுதி வா என்று நான் சொன்னதற்கு வந்த கேள்வி இது. தீசிஸுக்கு முன்னால் தரும் சுருக்கமான சினாப்சிஸ் கொடுத்தாகிவிட்டது, ஃபெலோஷிப் முடியும் தறுவாயில் இருந்தது, வீட்டிலிருந்து தினமும் போன். அந்த நேரத்தில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னமும் எனக்குள் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

எழுத்தில் குறை இல்லை. எண்கள் அட்டவணையோடு பொருந்தின, இலக்கணம் சுத்தம், மேற்கோள் காட்டிய கட்டுரைகள் எல்லாம் நிஜமானவை (அதை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன், இல்லாத கட்டுரையை இருப்பதாகச் சொல்லும் வழக்கம் இந்தக் கருவிகளுக்கு உண்டு). என்னை நிறுத்தியது ஒரே ஒரு விஷயம். அவளுடைய லேப் நோட்டில் இருந்த ஒன்று அதில் இல்லை.

சோதனை எளிது. எலிக்கு ஒரு ஒலியைக் கேட்கவைத்து, அது முடியும் நேரத்தில் காலுக்கடியில் இருக்கும் கம்பிகள் வழியாகச் சின்ன மின்னதிர்ச்சி. மறுநாள் ஒலி மட்டும். ஒலி கேட்டதும் எலி உறைந்து நின்றால் அதற்கு நினைவிருக்கிறது என்று கொள்கிறோம். மூச்சு விடுவதைத் தவிர வேறு அசைவே இருக்கக்கூடாது, அதுதான் உறைதலுக்கு வரையறை. பயத்தில் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் பங்கு என்ன என்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்தச் சோதனையிலிருந்து வந்ததுதான்.

நான் மாணவியாக இருந்தபோது ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு வீடியோ பார்ப்போம். எந்த எலி எந்தக் குழு என்று தெரியாத இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிடுவோம். கண் எரியும், கட்டைவிரல் மரத்துப்போகும். இப்போது டீப்லேப்கட் என்ற மென்பொருள் இருக்கிறது. 2018இல் வந்தது. மூக்கு, காது, வாலின் அடி என்று ஒரு சில நூறு படங்களில் நாம் புள்ளி வைத்துக் காட்டினால் போதும், மீதி லட்சக்கணக்கான படங்களில் அதுவே வைத்துவிடும். பூனை, கார், நாற்காலி என்று ஊர்ப்பட்ட படங்களைப் பார்த்து ஏற்கெனவே பழகிய செயற்கை நரம்பு வலையமைப்பை எடுத்து எலிக்குப் பழக்குவதால்தான் இவ்வளவு குறைந்த படங்களே போதுமானதாக இருக்கின்றன. ராத்திரி கணினியில் ஓடவிட்டுப் போனால் காலையில் முடிந்திருக்கும். புள்ளிகள் இவ்வளவு நேரத்துக்கு இந்த அளவுக்குக் கீழேயே அசைந்தால் அது உறைதல் என்று ஒரு சின்ன நிரல் முடிவு செய்யும். அந்த நிரலையும் சாட்ஜிபிடிதான் எழுதித் தந்தது. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எண்களைச் சோதித்தேன், கையால் மதிப்பிட்டதோடு ஒத்துப்போனது, சரி என்றேன்.

அவள் நோட்டில் ஒரு எலிக்கு நேராக இப்படி இருந்தது: "ஒலி வந்ததும் மூலைக்குப் போனது. நான்கு காலும் ஊன்றி நிற்கிறது. மூக்கு மட்டும் ஆடுகிறது. உறையவில்லை, எதையோ மோந்து பார்க்கிறது." அப்புறம் இன்னொரு எலிக்கும் அதே போல. அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். காது விறைத்திருக்கிறது, மீசை முன்னால் வந்திருக்கிறது, மூக்கின் மேல் இருக்கும் வண்ணப் புள்ளி லேசாக நடுங்குகிறது. நிரல் வைத்த எல்லைக்குள் அந்த நடுக்கம் அடங்கிவிட்டது. அதனால் கணக்கில் அது உறைதல். சராசரியில் பெரிய வித்தியாசம் வராது, சில எலிகள்தான். ஆனால் ஒலியைக் கேட்டு உறைந்துபோன எலியும், ஒலியைக் கேட்டு அடுத்து என்ன வரும் என்று மோந்து பார்க்கிற எலியும் ஒரே எலி இல்லை. அது ஒரு கேள்வி. அவளே கண்டுபிடித்த கேள்வி. விவாதப் பகுதியில் அதற்குப் பதிலாக, உறைதல் கூடியிருப்பது முந்தைய ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது என்று நல்ல ஓட்டத்தோடு ஒரு பத்தி இருந்தது.

"இந்த மூக்கு விஷயம் எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"அதை அதுகிட்ட சொல்லலை மேம். டேபிள் மட்டும்தான் கொடுத்தேன்."

அப்போதுதான் எடுத்துவிடச் சொன்னேன். என் பக்கத்து நியாயம் அன்றைக்கு எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது. கருவிக்கு அட்டவணை தெரியும், எலியைத் தெரியாது. சொந்தமாக எழுத உட்கார்ந்தால் நோட்டைப் புரட்டுவாள், புரட்டினால் மூக்கு கண்ணில் படும். எழுதுவது என்பது பார்த்ததை மறுபடியும் பார்ப்பது. இதை இப்போதும் நம்புகிறேன்.

ஆனால் அவள் கேட்டது வேறு. நான் எழுதினாலும் கடைசியில் அங்கே இருக்கப்போவது உங்கள் எழுத்துதானே என்பதுதான் அவள் கேள்வியின் அடியில் இருந்தது. அவள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. முதல் வருடம் டாக்டரல் கமிட்டி முன்னால் நின்றபோது, சோதனையைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தும் ஆங்கிலத்தில் வாக்கியம் அமையாமல் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அவளுக்கு நான் உதவினேன், அது வழிகாட்டுதல். இப்போது ஒரு கருவி உதவுகிறது, அது கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோட்டை நான் எங்கே போட்டேன்?

நான் கேள்வி கேட்பேன், கருவி கேட்காது என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். அதுவும் முழு உண்மை இல்லை. கேட்கச் சொன்னால் கேட்கும், சில சமயம் நன்றாகவே கேட்கும்.

2024 நவம்பரில் வந்த ஒரு ஆய்வு இந்தக் குழப்பத்தைக் கூட்டியது. நரம்பியல் கட்டுரைச் சுருக்கம் ஒன்று, அதன் முடிவை மட்டும் மாற்றி எழுதிய இன்னொன்று, இரண்டையும் கொடுத்து எது உண்மையில் வெளிவந்தது என்று கேட்டிருக்கிறார்கள். நரம்பியல் வல்லுநர்கள் சராசரியாக 63 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். சாட்ஜிபிடி வகையைச் சேர்ந்த மொழி மாதிரிகள் 81 சதவீதம். அப்போது லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் இருந்த பிராட்லி லவ்வின் குழு செய்தது. படித்ததும் ஒரு பக்கம் பிரமிப்பு. இன்னொரு பக்கம், என் முடிவு சரிதான் என்று ஒரு நிம்மதி. எந்த முடிவு பொருந்தி வரும் என்று இவ்வளவு நன்றாகத் தெரிந்த ஒன்று, பொருந்தாத மூக்கைத் தன்னால் சமப்படுத்திவிடும் இல்லையா?

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. பொருந்தாததைச் சமப்படுத்துவதில் நாங்கள் மனிதர்கள் கெட்டிக்காரர்கள். இதே சோதனையில், ஒலி கேட்டதும் சில எலிகள் உறையாமல் விருட்டென்று பாய்கின்றன, அதுவும் பயத்தின் வெளிப்பாடுதான் என்று அமெரிக்க நரம்பியலாளர் ரெபெக்கா ஷான்ஸ்கியின் குழு 2015இல் காட்டியது. பெண் எலிகளில் ஏறத்தாழ பத்தில் நான்கு அப்படிப் பாய்ந்தன, ஆண் எலிகளில் வெகு சில. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக உறைதலை மட்டும் அளந்துகொண்டிருந்தவர்கள் கணக்கில், பாய்ந்த எலி பயப்படாத எலி. அப்போது எந்தச் செயற்கை நுண்ணறிவும் இல்லை. ஸ்டாப்வாட்சும் எங்களைப் போன்றவர்களும்தான் இருந்தோம். நரம்பியல் ஆய்வுகளில் ஆண் விலங்குகளை மட்டும் எடுத்தவை, பெண் விலங்குகளை மட்டும் எடுத்தவற்றைப் போல் ஐந்தரை மடங்கு என்று 2011இல் ஒரு கணக்கெடுப்பு வந்தது. பெண் எலியை வாங்காமலே இருந்தால் அது பாய்வதை யார் பார்ப்பது? ஆகவே மூக்கைத் தவறவிட்டதற்குக் கருவியைக் குறை சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது.

புள்ளி வைப்பதைக் கருவியிடம் விட்டவள் வாக்கியத்தை ஏன் விட மறுத்தேன் என்பதற்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை. பழ ஈயின் மூளை முழுவதையும், 1,39,255 நியூரான்களையும் (நரம்பு செல்களையும்), வரைபடமாக்கி 2024இல் வெளியிட்டார்கள். மின்நுண்ணோக்கிப் படங்களில் எந்தக் கிளை எந்த நியூரானுடையது என்று பிரித்தது இயந்திரக் கற்றல். அது பிசகிய இடங்களைத் திருத்தியது மனிதர்கள். அந்தத் திருத்தத்தை ஒரே ஆள் செய்திருந்தால் 30 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும். அது துறைக்கே பெருமை என்று வகுப்பில் நானே சொல்கிறேன். கருவி வரைந்ததை மனிதர் சரிபார்ப்பது அங்கே அறிவியல் என்றால், கருவி எழுதியதை என் மாணவி சரிபார்ப்பதும் அதேதான் என்று யாராவது வாதாடினால்? இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடிகிறது: கிளை எங்கே போகிறது என்பதைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். விவாதப் பகுதியை ஒப்பிட அவள் கண்ணில் பட்டதைத் தவிர வேறு மூலமே கிடையாது. சரிபார்க்க வேண்டிய மூலத்தை எழுதுவதற்கு முன்பே ஒதுக்கிவைத்துவிட்டால் எதை வைத்துச் சரிபார்ப்பது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏஐ சதவீதம் காட்டும் மென்பொருளை வைத்து ஆய்வேடுகளைச் சலிக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. அதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்வுக்குத் தாங்களே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியவை என்று அந்தக் கருவிகள் முத்திரை குத்தியதை ஸ்டான்ஃபோர்டில் 2023இல் காட்டினார்கள். எளிய சொற்களில் எழுதுகிறவர்களைத்தான் அது முதலில் பிடிக்கும். சொந்தமாக எழுதச் சொல்லிவிட்டு, சொந்தமாக எழுதியதற்கே தண்டனை வாங்கிக் கொடுப்பது கொடுமை.

என் பயன்பாட்டுக்கு வந்தால், பழைய மேட்லேப் நிரல்களை பைத்தானுக்கு மாற்றத் தினமும் இதைத்தான் நம்பியிருக்கிறேன். திட்ட அறிக்கையின் பட்ஜெட் நியாயத்தை எழுதவும் கேட்டிருக்கிறேன். மற்றவர்களின் கையெழுத்துப் பிரதியை மதிப்பிடும்போது மட்டும் தொடுவதில்லை. நிதி விண்ணப்பங்களை மதிப்பிடுகிறவர்கள் இதைப் பயன்படுத்தக்கூடாது என்று அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் 2023இலேயே தடை போட்டுவிட்டது. நம்பிக் கொடுத்த ரகசியத்தை வெளியே உள்ள சர்வரில் ஏற்றுவது தவறு என்பது எனக்கு யாரும் சொல்லாமலே விளங்குகிறது. எளிதாக விளங்குகிற இடங்களில் எனக்குப் பிரச்சினை இல்லை.

அவள் எழுதிக்கொண்டு வந்தாள். மூக்கைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. வாக்கியங்கள் முட்டிக்கொண்டன, ஆனால் அந்த எலிகளைத் தனியாகப் பிரித்து, மூக்குப் புள்ளியின் அசைவை மட்டும் வரைந்து ஒரு படமும் சேர்த்திருந்தாள். அந்தப் படம் தீசிஸில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம். நான் திருத்தினேன். பக்கம் சிவந்துதான் போனது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. வாய்மொழித் தேர்வான வைவாவில் வெளித் தேர்வாளர் எலிகளின் எண்ணிக்கையைப் பற்றியும் புள்ளியியல் சோதனையைப் பற்றியும் நீண்ட நேரம் கேட்டார். மூக்கைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. தாமதத்தால் அவளுக்குப் போன மாதங்களுக்கு உதவித்தொகையும் வரவில்லை. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அந்தப் படம் இருந்தும் மனம் சமாதானமாகவில்லை.

இப்போது புதிதாகச் சேர்ந்த மாணவருக்கு ஒரு விதி சொல்லியிருக்கிறேன்: அட்டவணைக்கு முன்னால் நோட்டு. பார்த்ததை அன்றைக்கே எழுத வேண்டும், எந்த மொழியிலும் எழுதலாம், அதைப் படித்துவிட்டுத்தான் எண்களைப் பார்ப்பேன். அவர் தமிழில் விரிவாக எழுதுகிறார், நிறையவே கவனிக்கிறார். அப்புறம் அந்தத் தமிழ்ப் பக்கங்களைக் கருவியிடம் கொடுத்து ஆங்கிலமாக்கிக் கொண்டுவருகிறார். எலி அதில் இருக்கிறது. வாக்கியம் அவருடையது இல்லை. போன வாரம் பழைய மாணவி வேறு வேலையாக லேபுக்கு வந்தாள், அவளிடம் இதைச் சொன்னேன். "அப்போ எனக்கும் இப்படியே விட்டிருக்கலாமே மேம்" என்றாள். விட்டிருக்கலாம்தான் என்று சொன்னேன். நோட்டையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் என்று சேர்த்துக்கொண்டேன். அதையும் அவள் ஏற்றுக்கொள்ளவில்லை, எல்லா நோட்டையும் டைப் அடித்து ஏற்ற அப்போது யாருக்கு நேரம் இருந்தது என்று கேட்டாள்.