சாயங்காலக் காய்ச்சல்

திருச்சி உறையூரில், வீட்டு முன்னறையில் பதினெட்டு வருஷமாகத் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், பள்ளிச் சீருடை எல்லாம் தைப்பேன். என் நுரையீரலுக்கு வந்தது என்ன என்று தெரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதில் ஆறு மாதம், எனக்கு இல்லாத காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டேன். இதே பாதையில் இன்னொருவர் போய்க்கொண்டிருந்தால் கொஞ்சம் முன்னாலேயே திரும்பட்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2021 ஏப்ரலில் சீட்டுப் பணம் எடுத்து ஒரு ஏர்கூலர் வாங்கினேன். முன்னறை மேல்தளத்தில் வெயில் நேராக இறங்கும். மே மாதத்து மதியத்தில் மெஷினின் இரும்பில் கை வைக்க முடியாது. வியர்வை சொட்டிப் பட்டுத் துணியில் கறை விழுந்துவிடுமோ என்று பயந்து பயந்து தைப்பேன். கூலர் வந்த அன்று அறையே வேறு மாதிரி ஆனது. மெஷினுக்கு இடது பக்கம், மூன்றடி தள்ளி வைத்தோம். காற்று நேராக முகத்துக்கு வரும். குளிர் வெளியே போய்விடக் கூடாது என்று ஜன்னலைச் சாத்திவிடுவேன். அது தப்பு. கூலரின் காற்று வெளியேற ஒரு வழி வேண்டும். சாத்திய அறையில் ஈரம் ஏறிக்கொண்டே போகும். இது எனக்கு அப்போது தெரியாது.

முதல் கோடை நன்றாகப் போனது. மழை தொடங்கியதும் தொட்டித் தண்ணீரைச் சாய்த்து ஊற்றி, பழைய புடவையைப் போர்த்திப் பரணில் ஏற்றினோம். மூன்று பக்கமும் இருக்கும் மரநார்ப் பேடு ஈரத்தோடு உள்ளேயே இருந்தது. 2022 மார்ச்சில் இறக்கி ஓடவிட்டபோது நனைந்த சாக்கு வாடை வந்தது. ரெண்டு நாளில் மூக்குக்குப் பழகிவிட்டது.

ஏப்ரலில் காய்ச்சல் ஆரம்பித்தது. காலையில் ஒன்றும் இருக்காது. பத்து மணிக்கு மெஷினில் உட்காருவேன். நாலு, ஐந்து மணிக்கு உடம்பு வலிக்கும், குளிர் எடுக்கும், வறட்டு இருமல் வரும், நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கின மாதிரி இருக்கும். ராத்திரி கஷாயமோ பாராசிட்டமாலோ குடித்துப் படுத்தால் விடியும்போது சரியாகிவிடும். மறுநாள் சாயங்காலம் திரும்பவும் வரும். சூட்டு உடம்பு, வேலை அதிகம், வயசு நாற்பத்தேழு என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். தெருமுனை டாக்டரிடம் இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டேன். இருமல் போகவில்லை.

அந்த வருஷம் விநாயகர் சதுர்த்திக்கு மலைக்கோட்டை ஏறினோம். எத்தனையோ வருஷமாக ஏறுகிற படிகள்தான். தாயுமானவர் சன்னதி வருவதற்குள் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா, முகமெல்லாம் நீலமா இருக்கு" என்றார் வீட்டுக்காரர். உச்சிப்பிள்ளையாரைப் பார்க்காமலேயே இறங்கினோம். எடை போட்டுப் பார்த்தால் ஐந்து கிலோ குறைந்திருந்தது.

சாயங்காலக் காய்ச்சல், இருமல், எடை குறைவு, எக்ஸ்ரேயில் புகை மாதிரி நிழல். நம் ஊரில் இந்த நாலும் சேர்ந்தால் எந்த டாக்டருக்கும் முதலில் காசநோய்தான் ஞாபகத்துக்கு வரும். அதை நான் குறை சொல்லவில்லை. சளியை இரண்டு முறை சோதித்தார்கள், காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையும் செய்தார்கள். எதிலும் கிருமி இல்லை. ஆனாலும் எக்ஸ்ரேயை வைத்து அக்டோபரில் மாத்திரை ஆரம்பித்தார்கள். கிருமி தெரியாத காசநோயும் உண்டு என்பதால் அப்படிச் செய்வதுண்டு. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் துணி கொடுப்பதை நிறுத்தினார்கள். அளவெடுக்கப் பக்கத்தில் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதை இப்போது எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் எல்லோரையும் ஏமாற்றியது. நவம்பரில் மழை பிடித்தது, கூலர் பரணுக்குப் போனது. டிசம்பரில் காய்ச்சல் நின்றது, இருமல் குறைந்தது, இரண்டு கிலோ ஏறினேன். மாத்திரை வேலை செய்கிறது என்று டாக்டர் சந்தோஷப்பட்டார், நாங்களும் சந்தோஷப்பட்டோம். 2023 மார்ச் கடைசியில் மாத்திரை முடிந்தது. படி ஏறினால் கொஞ்சம் இளைப்பு மட்டும் மிச்சம். கூலரை இறக்கினோம். ஏப்ரல் இரண்டாம் வாரம் அதே காய்ச்சல், அதே குளிர், முன்னைவிட மோசமான மூச்சுத்திணறல்.

இந்த முறை, மருந்துக்கு அடங்காத காசநோயாக இருக்கலாம் என்று சொல்லி நுரையீரல் நிபுணர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அன்று ராத்திரி நானும் வீட்டுக்காரரும் தூங்கவில்லை.

அந்த நிபுணர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு கேள்விகள். வீட்டில் புறா வளர்க்கிறீர்களா, ஜன்னலில் புறா அடைகிறதா, கோழி உண்டா, வைக்கோல் போர் உண்டா, சுவரில் ஓதம் உண்டா, மெத்தை தலையணை எத்தனை வருஷம் ஆச்சு. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "வெளியூர் போனா எப்படிம்மா இருக்கு?" என்றார். அப்போதுதான் பொறி தட்டியது. இரண்டு வாரம் முன்பு தங்கை மகள் கல்யாணத்துக்குக் கும்பகோணத்தில் நாலு நாள் இருந்தேன். அந்த நாலு நாளும் காய்ச்சல் இல்லை. சமையல்கட்டுப் புகையில் நின்றும் இருமவில்லை. திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்த அன்றே சாயங்காலம் குளிர் எடுத்தது.

"மெஷின் பக்கத்துல என்ன இருக்கு?"

"கூலர் சார்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அன்றைக்கு அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஈரப் பேடிலும் தொட்டியிலும் பூசணமும் சில பாக்டீரியாவும் வளரும். விசிறி அவற்றின் நுண்துகள்களை நேராக முகத்தில் வீசும். பூசண வித்துகள் பல, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் ஐந்து பங்குகூட இருக்காது. மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றுப் பை வரை போய்விடும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்குத் தும்மலோ வீசிங்கோ வரும். என்னைப் போல வெகு சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்தத் துகளை எதிரியாகப் பார்த்து, சுவாசித்த நாலு முதல் எட்டு மணி நேரத்தில் நுரையீரலையே வீங்க வைக்கும். சாயங்காலக் காய்ச்சலின் கணக்கு அதுதான். பூசணம் நுரையீரலுக்குள் வளரவில்லை, இது தொற்று இல்லை, யாருக்கும் பரவாது. அதே அறையில் தூங்கிய என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகாததும் அதனால்தான். நோயின் பெயர் ஹைப்பர்சென்சிடிவிட்டி நியூமோனைடிஸ். பூசணம் பிடித்த வைக்கோலைப் புரட்டும் உழவர்களுக்கும், மக்கிய கரும்புச் சக்கையில் வேலை செய்கிற ஆலைத் தொழிலாளர்களுக்கும் இது வரும் என்றார். உழவர்களுக்கு வருவதை இங்கிலாந்தில் 1932லேயே எழுதி வைத்திருக்கிறார்களாம். லால்குடியில் எங்கள் அப்பா நெல் போரடித்த காலத்தில் இருமி இருமியே காலம் தள்ளிய ஒரு பெரியப்பா ஞாபகம் வந்தது.

கூலர் பற்றி நம் நாட்டிலேயே பெரிய கணக்கு இருக்கிறது. நுரையீரல் திசு நோய் உள்ள 1084 பேரை இந்தியாவின் பல ஊர்களில் பதிவு செய்து 2017ல் வெளியிட்டார்கள். அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு என் நோய்தான். அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர் ஏர்கூலர் காற்றில் இருந்தவர்கள். இத்தனை வருஷம் கழித்தும் கூலர் கடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

பரிசோதனைகள் ஒரு வாரம் நடந்தன. நுரையீரலை நுணுக்கமாகப் படம் எடுக்கும் எச்ஆர்சிடி ஸ்கேனில் நுரையீரல் முழுக்கப் பனி படர்ந்த கண்ணாடி மாதிரி திட்டுகள் இருந்தன, ஓரங்களில் மெல்லிய தழும்புக் கோடுகளும் தெரிந்தன. ஊதிப் பார்க்கும் சோதனையில் என் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய அளவில் 58 சதவீதம்தான் வந்தது. ஆறு நிமிஷம் நடக்கவிட்டார்கள். ஆக்சிஜன் 96லிருந்து 87க்கு இறங்கியது. ரத்தத்தில் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணத்துக்கு எதிரான ஆன்டிபாடிகள் (உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள்) இருக்கின்றனவா என்று பார்த்தார்கள், இருந்தன. "இது நீங்க அதைச் சுவாசிச்சதுக்கு அடையாளம், இதை மட்டும் வச்சு நோய்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். பிராங்கோஸ்கோபிக்குத்தான் பயந்தேன். தொண்டையை மரத்துப்போக மருந்து அடித்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, நுரையீரலைக் கொஞ்சம் உப்புநீரால் கழுவி அந்த நீரை எடுத்தார்கள். வலி இல்லை, மூழ்குகிற மாதிரி ஒரு திணறல் இருக்கும், பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த நீரில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் அதிகமாக இருந்தன, காசநோய்க் கிருமி இல்லை. ஸ்கேன் பார்க்கும் டாக்டரும் இவரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு சொன்னார்கள்.

மருந்தைவிட முதல் வேலை, கூலர் வீட்டை விட்டுப் போவது. அதைச் சுத்தம் செய்யும் நாளில் நான் அங்கே இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நான் தங்கை வீட்டில் பத்து நாள் இருந்தேன். வீட்டுக்காரர் என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு கூலரைத் தெருவுக்கு எடுத்துப் போய்க் கழற்றினார். பேடின் உட்பக்கம் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளிகள், தொட்டி அடியில் வழவழவென்று பாசி. போனில் படம் அனுப்பினார். கூலருக்கு எதிர்ச் சுவரில், ஈரக்காற்று போய் மோதுகிற இடத்தில், துணி அலமாரிக்குப் பின்னால் ஆளுயரத்துக்குப் பூசணம். ரெண்டு வருஷமாக அந்த அலமாரியை நாங்கள் நகர்த்தவே இல்லை.

மேலேயே பெயின்ட் அடித்துவிடலாம் என்றார் கொத்தனார். வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். செத்த பூசணத்துக்கும் உடம்பு அதே மாதிரி சண்டை போடும், அதனால் கொன்றால் போதாது, எடுத்துப் போட வேண்டும். அறைக் கதவில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, ஃபேன் போடாமல், சுவரை நனைத்துவிட்டுப் பூச்சைச் சுரண்டினார்கள். காய்ந்த சுவரைச் சுரண்டினால் தூள் வீடெல்லாம் பறக்கும். பக்கத்து வீட்டு அக்கா பிளீச்சிங் பவுடரில் பாத்ரூம் ஆசிட்டைக் கலந்து ஊற்றச் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, இவர் செய்யவில்லை. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் ஆளையே சாய்த்துவிடும். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். துணிகளைச் சுடுநீரில் துவைத்து மொட்டை மாடி வெயிலில் மூன்று நாள் போட்டார்கள். துவைக்க முடியாத பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போட்டோம். ஒரு வாடிக்கையாளரின் பட்டுப் பிளவுஸ் துணி இரண்டு அதில் போயின, பணம் கொடுத்தேன்.

மருந்து பிரெட்னிசலோன், 40 மில்லிகிராமில் ஆரம்பித்து மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஸ்டீராய்டு என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் 2021ல் கொரோனாவுக்குப் பிறகு வந்த கருப்புப் பூஞ்சையைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். டாக்டரிடமே கேட்டேன். அது வேறு பூசணம், வேறு நோய். கட்டுக்கடங்காத சர்க்கரையும் அதிக ஸ்டீராய்டும் சேரும் உடம்பில் உள்ளே புகுந்து வளரும், அதனால்தான் உங்கள் சர்க்கரையைக் கணக்காகப் பார்க்கிறேன் என்றார். எனக்கும் சர்க்கரை ஏறியது, மாத்திரை கொடுத்தார். முகம் உப்பியது, ராத்திரி பசித்தது, தூக்கம் வரவில்லை. மூன்றாவது மாதம் மனம் வெறுத்து மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். பல வாரம் சாப்பிட்டவர் அதைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு நிலைகுலைந்துபோகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் நிறுத்தவில்லை.

காய்ச்சல், கூலர் போன வாரமே போய்விட்டது. மூச்சுக்கு நாள் ஆனது. 2023 நவம்பரில் ஊதும் சோதனை 67 சதவீதம், அடுத்த கோடையில் 72. அதற்கு மேல் ஏறவில்லை. வீக்கம் வடியும், தழும்பு போகாது. முதல் கோடைக் காய்ச்சலிலேயே யாராவது கூலரைப் பற்றிக் கேட்டிருந்தால் அந்தக் கோடுகள் விழாமலே போயிருக்கலாம்.

எனக்குத் தெரிந்த வீடுகளில் கூலர் வைத்திருப்பவர்களிடம் இவ்வளவு சொல்கிறேன்: ஜன்னலைத் திறந்து வையுங்கள். தினமும் தொட்டியைக் காலி செய்யுங்கள். அணைப்பதற்குக் கால் மணி முன்னால் தண்ணீர் மோட்டாரை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டுப் பேடைக் காயவிடுங்கள். பருவம் முடிந்தால் பேடைக் கழற்றி எறியுங்கள், அடுத்த வருஷம் புதுசு போடுங்கள். அந்தக் காற்றில் யாருக்காவது திரும்பத் திரும்பச் சாயங்காலக் காய்ச்சலும் இருமலும் வந்தால், எந்த நாளில், எந்த அறையில், வெளியூரில் எப்படி என்று ஒரு தாளில் எழுதி டாக்டர் கேட்காவிட்டாலும் கையில் கொடுங்கள். காசநோய் மாத்திரையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்தாதீர்கள். கேள்வியை டாக்டரிடம் கேளுங்கள்.

மெஷினை இப்போது வராண்டாவில், வேப்பமரத்தடிக் காற்று வரும் பக்கம் போட்டிருக்கிறேன். மேலே தென்னங்கீற்றுப் பந்தலையும் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் மாற்றிவிடுகிறோம், அதுவும் நனைந்து மக்கக் கூடாது. முன்பு ஒரு நாளைக்கு ஏழு பிளவுஸ் தைப்பேன், இப்போது நாலு. கொக்கி வைப்பதைப் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன். துணி கொடுப்பதை நிறுத்தியவர்களில் பலர் திரும்பி வந்துவிட்டார்கள். போன முறை ஸ்கேனில் கோடுகள் கூடவில்லை. அடுத்தது ஆறு மாதம் கழித்து.