நத்தம் பாலத்தில் நடுங்கிய வண்டி

வீடு மதுரை சொக்கிகுளத்தில், மாந்தோப்பு நத்தம் தாண்டி. வாரத்துக்கு மூன்று நடை போய் வருவேன். 2023இல் நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலம் திறந்ததிலிருந்து இந்தப் பயணத்தில் பிடித்த பகுதி அதுதான். 7.3 கிலோமீட்டர், குறுக்கே ஆடு மாடு கிடையாது, ஒரே சீராகப் போகலாம். வண்டியின் நோய் கண்ணில் பட்டதும் அங்கேதான். டவுன் நெரிசலில் ஓட்டிக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு வருடம் தெரியாமலே போயிருக்கும்.

வண்டி 2011 மாடல். மூன்று லிட்டர் டீசல், ஃபோர் வீல் டிரைவ், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். நான் இரண்டாவது ஓனர். மீட்டரில் ஒரு லட்சத்து அறுபதாயிரம். 65 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரில் காலை லேசாக வைத்துப் போகும்போது, டோல்கேட்டுக்கு முன்னால் ரோட்டில் வரிவரியாகப் போட்டிருப்பார்களே, அதன் மேல் ஏறியது மாதிரி ஒரு நடுக்கம். இரண்டு மூன்று விநாடிதான். அழுத்தி மிதித்தால் இல்லை, காலை எடுத்தால் இல்லை. பாலத்தில் அப்படி வரியே கிடையாது என்பதால்தான் சந்தேகம் வந்தது.

முதலில் எல்லோரும் போகிற இடத்துக்குத்தான் நானும் போனேன், டயர் கடைக்கு. நாலு வீலுக்கும் பேலன்ஸிங், அலைன்மென்ட். நடுக்கம் அப்படியே இருந்தது. அடுத்து ஒருவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் சாஃப்ட்டில் கிராஸ் என்கிற மூட்டு தேய்ந்திருக்கிறது என்றார். உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தது, மாற்றினோம். கிளம்பும்போது வந்த 'டொக்' சத்தம் போனது, நடுக்கம் போகவில்லை. மூன்றாவதாக ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். பெயர் வேண்டாம். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் போய்விட்டது, அசெம்பிளியாகவே மாற்ற வேண்டும் என்று மூன்று லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் கொடுத்தார்கள். இன்று விற்றால் வண்டியே ஐந்துக்குப் போகுமா என்பது சந்தேகம். ஆயிலின் நிறம் என்ன என்றுகூட அங்கே யாரும் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது.

தோப்புக்கு லோடு ஏற்ற வரும் டிரைவர் ஒருவர் சொல்லி, மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் ரோட்டில் இருக்கும் ஒரு சின்ன ஷெட்டுக்குப் போனேன். ஆட்டோமேட்டிக் வண்டி மட்டும் பார்க்கிறவர், நாற்பது வயசு இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ரிங் ரோட்டுக்கு விடச் சொன்னார். நடுக்கம் ஆரம்பித்ததும், "அண்ணே, ஆக்சிலேட்டரை அப்படியே வச்சுக்கிட்டு இடது காலால பிரேக்கை லேசாத் தொடுங்க. மிதிச்சிராதீங்க, தொட்டாப் போதும்" என்றார். பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு தொட்டேன். சுவிட்சை அணைத்தது போல நடுக்கம் நின்றது. ஆர்பிஎம் முள் 1,500லிருந்து 1,750க்கு ஏறியது. காலை எடுத்ததும் முள் இறங்கியது, நடுக்கம் திரும்ப வந்தது. மூன்று தடவை செய்து பார்த்தோம், மூன்று தடவையும் அதேதான்.

"இன்ஜின் மிஸ் அடிச்சா பிரேக்கைத் தொட்டதுக்கு ஏண்ணே நிக்கப் போகுது? இது லாக்கப்" என்றார்.

ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. சுழலும் ஆயில்தான் அங்கே இழுவையைக் கடத்துகிறது. ஆயில் வழியாகப் போனால் கொஞ்சம் நழுவும், டீசல் வீணாகும். அதனால் சீரான வேகம் வந்ததும் உள்ளே ஒரு சின்ன கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும், அதுதான் லாக்கப். பிரேக்கைத் தொட்டால் அந்தப் பூட்டு திறந்துகொள்ளும். ஆயில் கெட்டுப்போனால் கிளட்ச் ஒரே பிடியாகப் பிடிக்காது. ஈரக் கையால் எவர்சில்வர் தட்டைத் தேய்த்தால் விட்டு விட்டுப் பிடிக்குமே, அந்த மாதிரி. அதுதான் நான் உணர்ந்த நடுக்கம்.

ஆயிலை இறக்கினோம். புதிதாக இருந்தபோது குங்குமச் சிவப்பாக இருந்திருக்க வேண்டியது, டிகாஷன் மாதிரி வந்தது. லேசாகக் கருகிய வாசம். அவர் முதலில் தேடியது வேறு ஒன்றை. ரேடியேட்டருக்குள்ளேயே இந்த ஆயிலைக் குளிர வைக்கும் குழாய் போகிறது. அது அரித்து ஓட்டையானால் கூலன்ட் உள்ளே கலந்து ஆயில் ரோஸ் மில்க் நிறத்துக்கு மாறிவிடுமாம். அப்படியிருந்தால் கிளட்ச் தட்டுகளே ஊறிக் கெட்டிருக்கும், ஆயில் மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. நல்ல வேளை, எங்களுடையது வெறும் டிகாஷன். அடித்தட்டைக் கழற்றினால் மூலைக் காந்தங்களில் விபூதியைக் குழைத்து அப்பியது போலச் சாம்பல் பசை. விரலில் தேய்த்துக் காட்டினார், வழுவழுவென்று இருந்தது. "இது தேய்மானம், இருக்கத்தான் செய்யும். நெருநெருன்னு துணுக்கு வந்தா மூட்டை கட்டிற வேண்டியதுதான்."

தட்டைக் கழற்றினால் மொத்த ஆயிலும் வந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். வராது. மொத்தம் 10 லிட்டர் என்றால் இறங்கியது 4.5 லிட்டர்; மிச்சம் கன்வர்ட்டருக்குள்ளேயே நிற்கிறது. அதனால் மாற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிக் கலக்கவிட்டு, மறுபடி மாற்றி, மறுபடி ஓட்டி, மூன்றாவது தடவையும் மாற்ற வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், முதல் தடவைக்குப் பிறகு பழையது 55 சதவீதம் மிச்சம், இரண்டாவதில் 30, மூன்றாவதில் 17. மெஷின் வைத்து அழுத்தத்தில் மொத்தமாகத் தள்ளலாமே என்று கேட்டேன். இத்தனை வருடக் கசடைக் கிளப்பிவிட்டு ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியில் கொண்டுபோய் அடைக்க வேண்டாம் என்றார். இதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. பழைய வண்டிக்கு அவர் சொன்னதே எனக்குச் சரியாகப் பட்டது.

ஆயில் வாங்கப் போன ஸ்பேர்ஸ் கடையில், "எல்லாம் ஒரே சிவப்பு ஆயில்தான் சார்" என்று ஒரு டின்னை எடுத்து வைத்தார்கள். அதை நம்பாதீர்கள். கிளட்ச் எவ்வளவு நழுவலாம், எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதே அந்த ஆயிலில் கலந்திருக்கும் மருந்தில்தான் இருக்கிறது. வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அதே ரகத்துக்கு நாலு நாள் காத்திருந்து வாங்கினேன்.

அளவு பார்ப்பதுதான் எதிர்பாராத கூத்து. இந்த கியர்பாக்ஸில் அளவு பார்க்கிற குச்சி, அதாவது டிப்ஸ்டிக், கிடையாது. இன்ஜின் ஓட, லீவரை எல்லா இடத்துக்கும் நகர்த்தி, ஆயில் 35லிருந்து 45 டிகிரிக்குள் இருக்கும்போது அடியில் உள்ள போல்ட்டைத் திறந்து, மிகுதி சொட்டி வடிய விட வேண்டும். சித்திரை மாத மதுரையில், மத்தியானம் தகர ஷெட்டுக்குள் நிற்கும் வண்டி ஸ்டார்ட் பண்ணும் முன்பே 40ல் இருக்கிறது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 45ஐத் தாண்டிவிட்டது. "ராத்திரி வண்டியை இங்கேயே விட்டுட்டுப் போங்கண்ணே, காலைல ஆறு மணிக்குப் பார்த்துருவோம்" என்றார். மூன்று தடவையும் அப்படித்தான் செய்தோம்.

இந்த ஆயில் ஆயுசுக்கும் போதும் என்று சொல்லித்தான் எனக்கு வண்டியை விற்றார்கள். புத்தகத்தைப் புரட்டினால் வெயில், புழுதி, மலை ஏற்றம், இழுவை இருந்தால் முன்கூட்டியே மாற்றவும் என்று சின்ன எழுத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. தோப்புக்குப் போகிற வண்டிக்கு இந்த நாலில் எது இல்லை?

முதல் மாற்றத்தில் நடுக்கம் பாதியானது. இரண்டாவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, மனசு விட்டுப்போனது. மூன்றாவதுக்குப் பிறகு ஸ்கேனரில் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரின் பழைய பழக்கத்தை அழித்துவிட்டு, புதிதாகக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் நிதானமாக ஓட்டச் சொன்னார். அந்த வாரத்தில்தான் பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு சிலிர்ப்பும் இல்லாமல் போனேன். ஃபில்டர், கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் சொச்சம்.

ஆறு மாதம் ஆகிறது. பின்னால் முப்பது கிரேட் மாம்பழம் ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் வந்தால் எப்போதாவது ஒரு சின்ன நடுக்கம் எட்டிப் பார்க்கிறது. கிளட்ச் முகம் கொஞ்சம் மினுங்கிப் போயிருக்கும், அது கூடினால் கன்வர்ட்டரை மட்டும் இறக்கிப் பிரித்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த காய்ப்பு வரைக்கும் ஓட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் இறக்கிய ஆயிலில் கொஞ்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வைத்திருந்தேன்: டிகாஷன், பழுப்பு, மங்கல் சிவப்பு. மூன்றையும் அவரே கேட்டு வாங்கி, ஷெட் அலமாரியில் வரிசையாக வைத்திருக்கிறார்.